11 வயது நாய்க்குச் சிறுநீரக நோய், மூன்று டாக்டர்கள் மூன்று விதமாகச் சொல்கிறார்கள்: யார் சொல்வதைக் கேட்பது?

உங்கள் கேள்வியை மூன்று முறை படித்தேன். 11 வயது லாப்ரடார், 28 கிலோ. இரண்டு மாதமாகத் தண்ணீர் நிறையக் குடிக்கிறான், ராத்திரியில் வீட்டுக்குள்ளேயே சிறுநீர் போய்விடுகிறான், உடம்பு இளைத்துவிட்டது. வாந்தியும் எடுத்ததால் டாக்டரிடம் கொண்டுபோனீர்கள், ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவுப்பொருள்) 3.6 என்று வந்தது. தினமும் டிரிப்ஸ் ஏற்ற வேண்டும் என்றார் அவர். ஒரு வாரம் கழித்துப் பார்த்த இரண்டாமவர், சாப்பாட்டை மாற்றி மாத்திரை கொடுத்தால் போதும் என்கிறார். மூன்றாவது ஒருவர் ஸ்டெம் செல் ஊசி போட்டுப் பார்க்கலாம் என்கிறார். இதில் எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "நாங்கள் அவனைக் காப்பாற்றுகிறோமா, கஷ்டப்படுத்துகிறோமா என்றே தெரியவில்லை." உங்கள் மனதை அரிப்பது அதுதான் என்று எனக்குப் படுகிறது. உறுதியாகத் தெரியாத விஷயத்தில் எப்படி முடிவெடுப்பது, எடுத்த முடிவு தவறென்றால் அதை எப்படிச் சீக்கிரம் கண்டுகொள்வது, இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்தால் மூன்று டாக்டர்கள் பிரச்சினை பாதி தீர்ந்துவிடும்.

நான் கால்நடை மருத்துவர். நாய், பூனைகளை மட்டும் பார்க்க ஆரம்பித்து 20 வருடத்துக்கு மேல் ஆகிறது. வயதான நாயின் சிறுநீரக நோய் எனக்கு அன்றாட வேலை. ஆனாலும் உங்கள் நாயை நான் தொட்டுப் பார்க்கவில்லை, அவன் ஈறு எப்படி இருக்கிறது, இதயத்தில் சத்தம் ஏதாவது கேட்கிறதா என்று பார்க்கவில்லை. அதனால் மருந்தின் அளவு எதையும் இங்கே சொல்ல மாட்டேன். எதை நம்பிச் செய்யலாம், எதைச் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும், டாக்டரிடம் என்னென்ன கேட்க வேண்டும், இவற்றைச் சொல்கிறேன்.

முதலில் சிறுநீரகத்துக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள், மற்றதெல்லாம் அதிலிருந்து புரியும். சிறுநீரகத்தில் நெஃப்ரான் என்ற நுண்ணிய வடிகட்டிகள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. ஒன்று பழுதானால் மற்றவை அதன் வேலையையும் சேர்த்துச் செய்யும். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போன பிறகுதான் சிறுநீரைக் கெட்டியாக்கும் சக்தி குறைகிறது. அப்போது சிறுநீர் நீர்த்துப்போய் அளவு கூடுகிறது, அந்த இழப்பை ஈடுகட்ட நாய் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கிறது. நான்கில் மூன்று பங்கு போன பிறகுதான் பொதுவாக கிரியேட்டினின் ஏறத் தொடங்கும். ஆகவே நோய் இந்த இரண்டு மாதத்தில் வந்ததல்ல, வெளியே தெரிய ஆரம்பித்ததுதான் இப்போது. "முன்னாலேயே கவனித்திருக்க வேண்டாமா" என்று நீங்கள் உங்களையே நொந்துகொள்வது உங்கள் எழுத்தில் தெரிகிறது. அதற்குக் காரணமே இல்லை. வருடத்துக்கொரு முறை ரத்தம் எடுத்துப் பார்க்கும் வீட்டில்கூட இது நழுவிப்போவதுண்டு.

போன நெஃப்ரான் திரும்பி வராது. இதை நேராகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "குணமாகுமா" என்ற எண்ணத்தோடு சிகிச்சையைத் தேடினால் ஒவ்வொரு ரிப்போர்ட்டும் உங்களை ஏமாற்றும். மிச்சமிருப்பவற்றின் சுமையைக் குறைப்பது, அவன் உடம்பு நன்றாக உணரும்படி வைத்திருப்பது, இரண்டும் நம் கையில் இருக்கின்றன. அதில் நிறையவே செய்ய முடியும்.

அப்புறம் டாக்டர்கள் விஷயம். நீங்கள் எழுதியதைப் பார்த்தால், முதல் டாக்டர் அவனைப் பார்த்தது அவன் வாந்தியெடுத்து, இரண்டு நாள் சாப்பிடாமல், உடம்பில் நீர் வற்றிக் கிடந்தபோது. இரண்டாமவர் பார்த்தது நான்கு நாள் டிரிப்ஸ் ஏறி, எழுந்து நடமாட ஆரம்பித்த பிறகு. இரண்டு பேரும் ஒரே நாயைப் பார்த்தார்கள், ஆனால் ஒரே நிலைமையைப் பார்க்கவில்லை. அன்றைக்கு டிரிப்ஸ் தேவைதான். இன்றைக்கு அது தேவையா என்பது தனிக் கேள்வி. எனக்கு வரும் "இரண்டாவது அபிப்பிராய" வழக்குகளில் முக்கால்வாசி இப்படித்தான். முரண்பாடு மாதிரி தெரிவது, நாள் மாறியதால் வந்த வேறுபாடு. அதனால் இரண்டாமவரிடம் போகும்போது முதலாமவர் எடுத்த ரிப்போர்ட், ஏற்றிய மருந்து, தேதி எல்லாம் கையில் இருக்க வேண்டும்.

அந்த 3.6 என்ற எண்ணையும் அதே கண்ணோடுதான் பார்க்க வேண்டும். ஐரிஸ் என்ற சர்வதேசக் கால்நடைச் சிறுநீரக நிபுணர் குழு இந்த நோயை நான்கு கட்டமாகப் பிரிக்கிறது. நாய்களுக்கு கிரியேட்டினின் 1.4 முதல் 2.8 வரை இரண்டாம் கட்டம், 2.9 முதல் 5.0 வரை மூன்றாம் கட்டம், அதற்கு மேல் நான்காம் கட்டம். ஆனால் நாய் நீர் வற்றாமல், நிலையாக இருக்கும்போது, ஒரு முறைக்கு இரு முறை எடுத்த ரத்தத்தை வைத்துத்தான் கட்டத்தைத் தீர்மானிக்க வேண்டும் என்பது அந்தக் குழுவின் விதி. உடம்பில் நீர் வற்றிய நாளில் எடுத்த 3.6, நிலைமை சீரான பிறகு 2.6 ஆகலாம், 3.4 ஆகவும் இருக்கலாம். தசை கரைந்த நாய்க்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது, ஆகவே மெலிந்த நாயிடம் அது உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். எஸ்.டி.எம்.ஏ. என்று இன்னொரு பரிசோதனை இருக்கிறது, அது தசையைச் சார்ந்ததல்ல. வசதி இருந்தால் அதையும் எடுக்கச் சொல்லுங்கள். எந்தச் சிகிச்சையைத் தேர்ந்தெடுப்பதென்றாலும் அதற்கு முன்னால் மறுபடி ஒரு ரத்தப் பரிசோதனை வேண்டும்.

அதோடு சிறுநீர்ப் பரிசோதனை. நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டில் சிறுநீர் பற்றி ஒரு வரிகூட இல்லை, அதுதான் எனக்கு உறுத்துகிறது. சிறுநீரின் அடர்த்தி என்ன, அதில் புரதம் எவ்வளவு போகிறது (புரதத்தையும் கிரியேட்டினினையும் ஒப்பிட்டு ஒரு விகிதம் தருவார்கள், 0.5-க்கு மேல் இருந்தால் கவனிக்க வேண்டும்), கிருமி வளர்கிறதா, இந்த மூன்றும் தெரிய வேண்டும். ரத்த அழுத்தம் அளக்க வேண்டும். நாய்க்கும் பிரஷர் வரும், 160-க்கு மேல் திரும்பத் திரும்ப இருந்தால் அது கண்ணையும் மூளையையும் மிச்சமிருக்கும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஒரு ஸ்கேன். ரத்தத்தில் பாஸ்பரஸ், பொட்டாசியம், சிவப்பணு அளவு. இத்தனை ஏன் என்றால், நாள்பட்ட நோய் என்று முடிவு கட்டிய நாய்களில் சிலவற்றுக்கு, அதன் மேல் சரிசெய்யக்கூடிய வேறு ஒன்றும் ஏறி உட்கார்ந்திருக்கும். சிறுநீரகத்தில் கிருமித் தொற்று, எலிக்காய்ச்சல், உண்ணிக் காய்ச்சல், கல் அடைப்பு, யாரோ மூட்டுவலிக்குக் கொடுத்த வலிமாத்திரை, வீட்டில் சிந்திக்கிடந்த திராட்சை. திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைத் திடீரென்று முடக்கிவிடும், இது பலருக்குத் தெரியாது. இவற்றில் ஏதாவது இருந்து அதைச் சரிசெய்தால் கிரியேட்டினின் கணிசமாக இறங்குவதை நான் பார்த்திருக்கிறேன். ஸ்டெம் செல்லுக்குப் போவதற்கு முன்னால் ஒரு சிறுநீர்க் கல்ச்சர் (கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) எடுப்பது எவ்வளவோ மேல்.

இனி எது உறுதி என்பதற்கு வருகிறேன். நாய்களின் நாள்பட்ட சிறுநீரக நோயில் வலுவான சான்று இருப்பது சாப்பாட்டுக்குத்தான். 2002-இல் வெளியான ஓர் ஆய்வில், இயல்பாகவே இந்த நோய் வந்த 38 நாய்களை எடுத்து, ஒரு பிரிவுக்குச் சிறுநீரக நோய்க்கான உணவும் மறு பிரிவுக்குச் சாதாரண உணவும் கொடுத்தார்கள். எந்த நாய் எதைத் தின்கிறது என்று வளர்ப்பவருக்கும் தெரியாது, பரிசோதிக்கும் டாக்டருக்கும் தெரியாது. இரண்டு வருடம் பின்தொடர்ந்தார்கள். சிறுநீரக உணவு தின்ற நாய்களுக்கு யுரீமியா என்கிற நச்சு நெருக்கடி வெகுவாகக் குறைந்தது, அவை தெளிவாகக் கூடுதல் நாள் வாழ்ந்தன. 38 என்பது சிறிய எண்தான். ஆனாலும் இந்த நோயில் இதைவிட ஒழுங்காகச் செய்து காட்டிய சிகிச்சை வேறில்லை என்றே சொல்வேன்.

அந்த உணவில் என்ன விசேஷம் என்று கேட்டால், எல்லோரும் "புரதம் குறைவு" என்பார்கள். அது பாதி உண்மை. பாஸ்பரஸ் குறைவாக இருப்பது அதைவிட முக்கியம் என்று நான் நினைக்கிறேன். மீன் எண்ணெயில் இருக்கும் ஒமேகா 3 கொழுப்பும் சேர்ந்திருக்கும், உப்பு குறைவு, சக்தி அதிகம். புரதம் குறைக்க வேண்டும் என்று இறைச்சியை மட்டும் நிறுத்திவிட்டு வெறும் மாவுச்சத்தாகக் கொடுக்கும் வீடுகளைப் பார்க்கிறேன். அந்த நாய்களின் தசை கரைந்துபோகிறது, பாஸ்பரஸும் எதிர்பார்த்த அளவு இறங்குவதில்லை. இந்த நோயில் மெலிந்த நாய்கள் சீக்கிரம் போய்விடுகின்றன. வீட்டிலேயே சமைத்துக் கொடுக்க விரும்பினால் தவறில்லை, ஆனால் கால்நடை உணவு நிபுணர் ஒருவர் அவன் எடைக்கும் ரிப்போர்ட்டுக்கும் ஏற்றபடி எழுதித் தந்த கணக்கு இருக்க வேண்டும். பொதுவாக வலம் வரும் சமையல் குறிப்புகளில் கால்சியம் சரியாக இருப்பது அபூர்வம். எலும்பு கூடாது, அதில் பாஸ்பரஸ் ஏராளம்.

எப்போது மாற்றுகிறோம் என்பதும் அதே அளவு முக்கியம். வேலைக்கு வந்த புதிதில் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்கிறேன். உங்கள் நாய் வயதிலேயே ஒரு நாய், வாந்தியோடு படுத்திருந்தது. ரிப்போர்ட்டைப் பார்த்த அன்றே சிறுநீரக உணவை வைக்கச் சொல்லிவிட்டேன். அந்த நாய் குமட்டலையும் அந்த உணவின் வாசனையையும் ஒன்றாகச் சேர்த்து மனதில் பதித்துக்கொண்டது. வாந்தி நின்று, உடம்பு தேறி, மற்றதெல்லாம் தின்ன ஆரம்பித்த பிறகும் அந்தக் கிண்ணத்தைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதற்கு உதவியிருக்கக்கூடிய ஒரே உணவை நானே கெடுத்துவிட்டேன். அதன் பிறகு ஒருபோதும் குமட்டல் இருக்கும்போது புது உணவை ஆரம்பிப்பதில்லை. முதலில் குமட்டலை அடக்க வேண்டும், அவன் பழைய சாப்பாட்டை நன்றாகத் தின்ன வேண்டும், அதன் பிறகு இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்ற வேண்டும். எவ்வளவு முயன்றும் தின்னவில்லையென்றால் விட்டுவிடுங்கள். பட்டினி கிடப்பதைவிட, சரியில்லாத சாப்பாட்டைத் தின்பது மேல். பாஸ்பரஸை வேறு வழியில் கட்டுப்படுத்தலாம்: அலுமினியம் ஹைட்ராக்சைடு மாதிரி பாஸ்பரஸைப் பிடித்துக்கொள்ளும் மருந்துகள் இருக்கின்றன. அவற்றைச் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுத்தால்தான் பயன், ஏனென்றால் உணவில் இருக்கும் பாஸ்பரஸைக் குடலிலேயே பிடித்து வெளியேற்றுவதுதான் அதன் வேலை. மூன்றாம் கட்டத்தில் பாஸ்பரஸ் 5.0-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது ஐரிஸ் குழுவின் இலக்கு.

குமட்டலைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். இந்த நோயில் நாய் படும் பெரிய கஷ்டம் அதுதான், நாம் மிகக் குறைவாகக் கவனிப்பதும் அதைத்தான். வாந்தி எடுத்தால்தான் குமட்டல் என்று நினைக்கிறோம். கிண்ணத்துக்கு ஆசையாக வந்து முகர்ந்துவிட்டு விலகிப் போவது, உதட்டை நக்கிக்கொண்டே இருப்பது, எச்சில் விழுங்குவது, புல்லைத் தேடித் தின்பது, கையால் ஊட்டினால் மட்டும் தின்பது, எல்லாம் குமட்டல்தான். மரோபிட்டன்ட், ஒன்டான்செட்ரான் என்று நல்ல மருந்துகள் இருக்கின்றன, பசியைத் தூண்டவும் மருந்து உண்டு. "வயசாயிடுச்சு, சாப்பாடு குறைஞ்சிடுச்சு" என்று விட்ட நாய், குமட்டல் மாத்திரை ஆரம்பித்த மூன்றாம் நாள் கிண்ணத்தை நக்கித் துடைத்ததை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். சிறுநீரகத்துக்கு அது ஒன்றும் செய்வதில்லை, கிரியேட்டினின் ஒரு புள்ளிகூட இறங்காது. ஆனால் அவனுடைய நாளை மாற்றிவிடும். உங்கள் நாய் "கையால் கொடுத்தால் கொஞ்சம் தின்கிறான்" என்று எழுதியிருக்கிறீர்கள். என்னிடம் வந்திருந்தால் நான் முதலில் தொடுவது இதைத்தான்.

சிறுநீரில் புரதம் போவது உறுதியானால் பெனாசெப்ரில் அல்லது டெல்மிசார்டன் வகை மாத்திரை தருவார்கள், பிரஷர் அதிகமென்றால் அதோடு அம்லோடிபின் சேரலாம். இவற்றுக்கு நல்ல அடிப்படை இருக்கிறது. ஆனால் இவற்றை ஆரம்பித்து ஒன்றிரண்டு வாரத்தில் கிரியேட்டினினும் பொட்டாசியமும் மறுபடி பார்க்காமல் விடக்கூடாது. அவன் வாந்தியெடுத்து, தண்ணீர் குடிக்காமல் இருக்கும் நாளில் பெனாசெப்ரிலையோ டெல்மிசார்டனையோ கொடுப்பதற்கு முன் டாக்டரைக் கேளுங்கள், நீர் வற்றிய உடம்பில் அவை சிறுநீரகத்தை மேலும் சிரமப்படுத்தும். ரத்தசோகை வந்தால் அதற்கும் ஊசி உண்டு, அந்த நிலை வரும்போது பேசிக்கொள்ளலாம்.

செய்யக்கூடாதவற்றில் இரண்டை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ராத்திரியில் வீட்டை நனைக்கிறான் என்பதற்காகத் தண்ணீர்ப் பாத்திரத்தை எடுத்து வைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இன்றே நிறுத்திவிடுங்கள். அவன் குடிப்பதால் சிறுநீர் அதிகம் போகவில்லை, சிறுநீர் நீர்த்து அதிகமாகப் போவதால்தான் குடிக்கிறான். தண்ணீரை நிறுத்தினால் சிறுநீர் குறையாது, உடம்பு வற்றி மறுபடி டிரிப்ஸில் போய் நிற்கும். படுக்கைக்கு அடியில் நனையாத விரிப்பு போடுங்கள், நடு ராத்திரியில் ஒருமுறை வெளியே கொண்டுபோங்கள், முடிந்தால் வீட்டில் இரண்டு மூன்று இடத்தில் தண்ணீர் வையுங்கள். இரண்டாவது, வலிமாத்திரை. இந்த வயது லாப்ரடாருக்கு மூட்டுவலி இருக்கும், நொண்டினால் மனது கேட்காது. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற மனிதர்களுக்கான வலிமாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைத்துவிடும், ஆரோக்கியமான நாய்க்கே ஆபத்து. நாய்களுக்கென்று வரும் அதே வகை மருந்தையும் இந்த நிலையில் டாக்டர் யோசித்துத்தான் தருவார். வலிக்கு வேறு வழிகள் இருக்கின்றன, கேளுங்கள்.

இப்போது டிரிப்ஸ். யுரீமியா நெருக்கடியில், அதாவது வாந்தி, நீர் வற்றல், வாயில் புண், அமோனியா வாடை என்று வரும்போது, இரண்டு முதல் நான்கு நாள் நரம்பில் திரவம் ஏற்றுவது உயிரைக் காப்பாற்றும். இதில் சந்தேகமில்லை. சந்தேகம் வருவது, தேறிய பிறகும் தினமும் ஏற்றுவதில். "சிறுநீரகத்தைக் கழுவி விடுகிறோம்" என்று சொல்லப்படுவதுண்டு. அது அப்படி வேலை செய்வதில்லை. வற்றிய உடம்பில் திரவம் ஏற்றினால் சிறுநீரகத்துக்கு ரத்தம் ஒழுங்காகப் போய் அளவுகள் இறங்கும். வற்றாத உடம்பில் ஏற்றினால் கூடுதல் நீரும் உப்பும் தான் சேரும், அதையும் அந்தப் பழுதான சிறுநீரகமே வெளியேற்ற வேண்டும். இதயம் பலவீனமாக இருந்தால் நுரையீரலில் நீர் கோக்கும். தண்ணீர் குடித்தும் உடம்பில் நீர் நிற்காத நாய்களுக்கு, வீட்டிலேயே தோலுக்கடியில் திரவம் ஏற்றுவது உதவும் என்பது என் அனுபவம். ஆனால் இது அனுபவம்தான், சாப்பாட்டுக்கு இருப்பது மாதிரி ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு நாய்களில் இதற்கு இல்லை. பூனைகளுக்கு இது சுலபமாக ஒத்துப்போகிறது, 28 கிலோ நாய்க்குத் தேவையான அளவை ஏற்றுவது எளிதல்ல. நீங்கள் எழுதியதில் இன்னொன்றும் இருக்கிறது: கிளினிக் வாசலைப் பார்த்தாலே நடுங்குகிறான், நான்கு மணி நேரம் மேசையில் பிடித்து வைத்திருக்கிறோம் என்று. தினமும் நான்கு மணி நேரம் பயம் என்பது ஒரு பக்கவிளைவு. மாத்திரையின் பக்கவிளைவை எப்படிக் கணக்கில் எடுப்போமோ அப்படியே இதையும் எடுக்க வேண்டும். என் அபிப்பிராயம், தோலை இழுத்து விட்டால் உடனே படிகிறது, ஈறு ஈரமாக இருக்கிறது, அவனே குடிக்கிறான் என்றால், தினசரி டிரிப்ஸை நிறுத்திப் பார்ப்பது பற்றி டாக்டரிடம் பேசுங்கள். ஒரேயடியாக விடாமல் இடைவெளியைக் கூட்டி, எடையையும் ரத்தத்தையும் பார்த்துக்கொண்டே நிறுத்தலாம்.

ஸ்டெம் செல் சிகிச்சை நாயின் சிறுநீரகத்தை மீட்கும் என்று இன்றைக்கு நிரூபணம் இல்லை. ஆராய்ச்சி நடக்கிறது, நல்ல ஆராய்ச்சிதான், அதில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ஆராய்ச்சியில் சேர்வது வேறு, காசு கொடுத்துச் சிகிச்சையாக வாங்குவது வேறு. அதைச் சொன்ன டாக்டரிடம் கோபப்படாமல் நான்கு விஷயம் கேளுங்கள். என்ன முன்னேற்றம் எதிர்பார்க்கிறீர்கள்? எத்தனை வாரத்தில்? எதை அளந்து தெரிந்துகொள்வோம்? தெரியவில்லையென்றால் அடுத்து என்ன செய்வோம்? தெளிவாகப் பதில் சொல்பவரோடு மேலே பேசலாம். "போட்டுப் பார்க்கலாம், கெடுதல் ஒன்றும் இல்லை" என்பது பதிலாகாது. குடலில் நச்சைக் குறைக்கும் என்று சொல்லப்படும் நல்ல பாக்டீரியா மாத்திரைகள், சிறுநீரக டானிக்குகள் எல்லாவற்றுக்கும் இதே நான்கு கேள்விதான். மூலிகை மருந்து பற்றியும் கேட்டிருந்தீர்கள். உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று எழுதாத எதையும் இந்த நாய்க்குக் கொடுக்காதீர்கள். நல்ல சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும் பொருள் இவனுக்குள் தங்கிவிடும்.

உறுதியில்லாத சிகிச்சையை நான் என் வழக்குகளில் கையாளும் விதம் ஒன்று உண்டு. எதை ஆரம்பித்தாலும் அதற்கு ஒரு தேதி குறித்துக்கொள்வேன். இன்று ஆரம்பிக்கிறோம், 14 நாள் கழித்துப் பார்ப்போம், இன்னது மாறியிருந்தால் தொடர்வோம், இல்லையென்றால் நிறுத்துவோம் என்று ஆரம்பிக்கும்போதே எழுதி வைப்பேன். ஒரே சமயத்தில் இரண்டு புது விஷயத்தை ஆரம்பிக்க மாட்டேன், ஏனென்றால் அவன் தேறினாலும் எதனால் தேறினான் என்று தெரியாது, மோசமானாலும் எதனால் என்று தெரியாது. இதற்கு உங்களிடம் ஒரு நோட்டு வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை எடை, தினமும் குடித்த தண்ணீர் (காலையில் அளந்து ஊற்றி மறுநாள் மிச்சத்தை அளந்தால் போதும், ஒரு கிலோ எடைக்கு 100 மில்லிக்கு மேல் போனால் அது மிக அதிகம்), சாப்பிட்டதில் பங்கு, வாந்தி, மலம். அதோடு அவனுக்கு மட்டுமே உரிய மூன்று விஷயங்களை நீங்களே தேர்ந்தெடுங்கள். உங்கள் எழுத்திலிருந்தே எனக்கு ஒன்று தெரிகிறது: நீங்கள் வேலையிலிருந்து வரும்போது செருப்பைக் கவ்விக்கொண்டு வாசலுக்கு வருவான் என்றீர்கள். அதை எழுதுங்கள். இன்று வந்தானா, இல்லையா.

கிரியேட்டினினைவிட இந்த நோட்டை நான் அதிகம் நம்புவேன். கிரியேட்டினின் ஐந்துக்கு மேல் இருந்தும் ஒரு வருடத்துக்கும் மேலாகப் பந்தைத் துரத்திக்கொண்டிருந்த நாயைப் பார்த்திருக்கிறேன். மூன்றிலேயே சுருண்டு படுத்த நாயையும் பார்த்திருக்கிறேன். ரிப்போர்ட்டில் 0.2 ஏறியது, 0.3 இறங்கியது என்று வாரா வாரம் தவிக்காதீர்கள். நிலையாக இருக்கும் நாய்க்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தமும் சிறுநீரும் பார்த்தால் போதும், புதிதாக மருந்து ஆரம்பித்தால் மட்டும் சீக்கிரம்.

இன்னொன்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஆனால் சொல்லியே ஆக வேண்டும். ஒரு நாளைக்கு ஒன்பது மாத்திரை என்று எழுதியிருக்கிறீர்கள், உங்களைக் கண்டால் கட்டிலுக்கடியில் போய்விடுகிறான் என்றும். அந்த ஒன்பதையும் ஒரு தாளில் எழுதி டாக்டர் முன்னால் வைத்து, "இதில் மூன்றை நிறுத்த வேண்டுமென்றால் எதை நிறுத்துவீர்கள்?" என்று கேளுங்கள். இந்தக் கேள்வியை வளர்ப்பவர்கள் என்னிடம் கேட்கும்போதுதான், பழக்கத்தால் தொடர்ந்துகொண்டிருந்த மருந்துகள் என் கண்ணுக்கே படும். மாத்திரை கொடுப்பவர் ஒருவராகவும் கொஞ்சுபவர் இன்னொருவராகவும் இருக்க முடிந்தால் நல்லது. நீங்கள் ராத்திரித் தூக்கம் போய், விடுப்பு எல்லாம் முடிந்து, கையிருப்பும் கரைந்து நிற்கிறீர்கள் என்பதும் மருத்துவ முடிவில் சேர வேண்டிய விஷயம்தான். அதை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். உங்களால் எவ்வளவு முடியும் என்று தெரிந்தால்தான் அவரால் அதற்குள் செய்யக்கூடிய சிறந்ததைச் சொல்ல முடியும். பாசம் குறைவு என்று எந்த நல்ல டாக்டரும் நினைக்க மாட்டார்.

எவ்வளவு நாள் இருப்பான் என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றாம் கட்டத்தில் சில மாதத்தில் போனவையும் உண்டு, இரண்டு வருடம் இருந்தவையும் உண்டு. சிறுநீரில் புரதம் குறைவு, பிரஷர் கட்டுக்குள், பாஸ்பரஸ் கட்டுக்குள், உடம்பில் சதை இருக்கிறது, சாப்பிடுகிறான் என்றால் அந்த வீச்சின் நீண்ட பக்கத்தை எதிர்பார்க்கலாம். இதற்கு மேல் துல்லியமாக யாராவது தேதி சொன்னால் நம்பாதீர்கள்.

கஷ்டப்படுத்துகிறோமா என்பதற்கு வருகிறேன். அலிஸ் வில்லலோபோஸ் என்ற கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் 2004-இல் ஓர் அளவுகோல் தந்தார், நான் எல்லா வீட்டுக்கும் அதைத்தான் கொடுக்கிறேன். வலி, பசி, உடம்பின் நீர்ச்சத்து, சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா, இந்த ஏழுக்கும் பத்துக்கு எவ்வளவு என்று மதிப்பெண் போட வேண்டும். மொத்தம் 35-க்கு மேல் இருந்தால் சிகிச்சையைத் தொடர்வதில் அர்த்தம் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறார். இது விஞ்ஞானக் கருவி அல்ல, யோசிப்பதற்கு ஒரு பிடிமானம், அவ்வளவுதான். வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரும் தனித்தனியாக, ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல் போடுங்கள். ஒருவர் 50 போட்டு இன்னொருவர் 28 போட்டால் அதைப் பற்றிப் பேச வேண்டும். இன்றைக்கு நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், அவன் அந்த எல்லைக்கு வந்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. குமட்டல், மாத்திரைக் கூட்டம், மேசை மேல் நான்கு மணி நேரம், இந்த மூன்றும்தான் அவனை வாட்டுகின்றன, மூன்றும் மாற்றக்கூடியவை.

ஆனால் எல்லை எது என்று இப்போதே, அவன் நன்றாக இருக்கும் நாளில் பேசி எழுதி வையுங்கள். மருந்து கொடுத்தும் மூன்று நாள் தொடர்ந்து சாப்பிடவில்லை என்றால், எழுந்து வெளியே போக முடியவில்லை என்றால், செருப்பைக் கவ்வ ஒரு வாரமாக வரவில்லை என்றால், இப்படி உங்களுக்குச் சரியென்று படுவதை எழுதுங்கள். நெருக்கடி வந்த ராத்திரியில் யாராலும் நிதானமாக யோசிக்க முடியாது. கடைசி ஊசி போடுவது பற்றிக் கேட்கவே பயமாக இருக்கிறது என்றீர்கள். அது எப்படி நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன், தெரியாததால் வரும் பயமாவது குறையட்டும். பெரும்பாலும் முதலில் மயக்க ஊசி போடுவோம், ஐந்து பத்து நிமிடத்தில் அவன் தூங்கிவிடுவான். அதன் பிறகு நரம்பில் மயக்க மருந்தை அதிக அளவில் செலுத்துவோம். ஒன்றிரண்டு நிமிடத்தில் மூச்சும் இதயமும் நிற்கும். கண் திறந்தபடி இருக்கலாம், நின்ற பிறகு ஒரு மூச்சு இழுப்பது போலத் தெரியலாம், அவனுக்கு அது எதுவும் தெரியாது. நீங்கள் பக்கத்தில் இருக்கலாம், பல டாக்டர்கள் வீட்டுக்கே வருவார்கள்.

இந்த வாரத்துக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: தண்ணீரைத் திறந்து வையுங்கள், குமட்டலுக்கு மருந்து கேளுங்கள், சிறுநீரும் பிரஷரும் பார்த்துவிடுங்கள், சாப்பாட்டை அவன் நன்றாகத் தின்ன ஆரம்பித்த பிறகு மாற்றுங்கள், ஸ்டெம் செல்லைத் தள்ளிப்போடுங்கள். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் குடித்தும் தங்காமல் வாந்தியெடுத்தால், சிறுநீர் திடீரென்று நின்றுபோனால், வலிப்பு வந்தால், திடீரென்று கண் தெரியாமல் சுவரில் முட்டினால், அன்றைக்கே கொண்டுபோங்கள், மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம். சிறுநீர் ரிப்போர்ட் வந்ததும் அந்தப் புரத விகிதத்தையும், மறுபடி எடுத்த கிரியேட்டினினையும் எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.